மங்கிய விளக்கும் இரண்டாவது சாட்சியும்

திகிற்படம் என்றதும் நம்மிற் பலர் முகஞ் சுளிப்பது வழக்கம். கொலை, மறைந்துபோன நகை, இருள் சூழ்ந்த மாளிகை, நள்ளிரவிற் கேட்கும் காலடியோசை, ஈற்றிலே துப்பறிவாளன் வந்து கதவைத் தட்டுதல் ஆகிய யாவும் பொழுதுபோக்கு வியாபாரிகளின் கைச்சரக்குகள் என்றும், மக்களின் கவனத்தை வாழ்க்கைப் பிரச்சினைகளிலிருந்து திருப்புதற்கே அவை பயன்படுகின்றன என்றும் நாம் அடிக்கடி கூறி வந்துள்ளோம். இக்குற்றச்சாட்டிற் பெருமளவு உண்மை உண்டு. ஆயினும் ஒரு வர்க்கம் தன் வீட்டுக்குள் எதைக் கண்டு அஞ்சுகிறது என்பதை அதன் தத்துவ நூல்களைக் காட்டிலும் அதன் திகிற்கதைகள் சில வேளைகளில் ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடுகின்றன. அத்தகைய கதையொன்றை இங்கு நாம் ஆராய முற்படுகின்றோம். 1944ஆம் ஆண்டிலே ஹொலிவுட்டில் தயாரிக்கப்பட்ட ‘காஸ்லைற்’ என்னும் திரைப்படமே அது. ஒரு கணவன் தன் மனைவியைப் பைத்தியக்காரி என்று நம்பவைக்க முயலும் கதை. அப்படத்தின் பெயர் இன்று ஆங்கில மொழியில் ஒரு வினைச்சொல்லாகவே வழங்குகின்றது. அச்சொல்லை எடுத்தாளும் பலர் அதன் பின்னேயுள்ள வரலாற்றை அறியார். அவ்வரலாறோ படத்தைவிடத் திகில் நிறைந்தது.

கதையின் மூலம் ஒரு மேடை நாடகம். அதனை எழுதியவர் பற்றிக் ஹமில்ற்றன் (1904-1962) என்னும் ஆங்கில எழுத்தாளர். இலண்டனின் மலிவான விடுதிகளிலும் மதுக்கடைகளிலும் காலந்தள்ளும் சிற்றூழியர், வேலையற்றோர், தனித்துப்போனோர் ஆகியோரின் வாழ்வைத் தம் நாவல்களிற் சித்திரித்தவர் அவர். முப்பதுகளிலே பொருளாதார நெருக்கடியும் பாசிச அபாயமும் ஐரோப்பாவைச் சூழ்ந்தபோது மாக்சியத்தின்பால் ஈர்க்கப்பட்டவர். 1939இல் வெளிவந்த அவரது நாவலொன்று ஆங்கில மத்தியதர வர்க்கத்தின் மனோபாவத்தை மாக்சிய நோக்கிலே கேலி செய்வது. இந்தப் பேனாவிலிருந்தே அந்தத் திகில் நாடகமும் பிறந்தது என்பது தற்செயலன்று. 1938 டிசெம்பரிலே இலண்டனையடுத்த றிச்மண்ட் அரங்கில் அந்நாடகம் முதன்முதலாக மேடையேறிற்று. 1941 டிசெம்பர் 5ஆந் திகதி, அதாவது பேர்ள் துறைமுகம் தாக்கப்படுவதற்கு இரண்டு நாட்களுக்கு முன்னர், நியூயோர்க்கின் பிறோட்வேயில் ‘ஏஞ்சல் ஸ்றீற்’ என்ற பெயரில் அது தொடங்கி, 1,295 தடவைகள் நடிக்கப்பட்டது. உலகம் தீப்பற்றியெரிந்த மூன்று ஆண்டுகளாக மக்கள் ஒரு வீட்டின் வரவேற்பறைக்குள் நடக்கும் கொடுமையைப் பணங்கொடுத்துப் பார்த்தனர்.

இடையில் 1940ஆம் ஆண்டு பிரித்தானியாவிலே தொரல்ட் டிக்கின்சன் இதனை முதன்முறையாகத் திரைப்படமாக்கினார். ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது குடியரசின் பக்கம் நின்று அங்கு சென்று செய்திப்படம் எடுத்தவர் அவர். கணவனாக நடித்த அன்ரன் வோல்புறூக், நாற்சிகளின் ஆட்சியால் ஜேர்மன் திரையுலகை விட்டகன்ற வியன்னா நகரத்துக் கலைஞர். மெற்றோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் கதையின் உரிமையை வாங்கியதும் இந்தப் பிரித்தானியப் படத்தை உலகின் கண்ணிலிருந்து மறைத்துவிட முயன்றது. தன் சரக்குக்குப் போட்டியாக வேறொரு சரக்கு சந்தையில் இருத்தலாகாது என்பது வியாபார நியதி. உண்மையில் நடந்த ஒன்றை நடக்கவே இல்லை என்று சாதிக்கும் கணவனின் கதைக்கு இத்தகைய கதி நேர்ந்தது! நல்லூழாகப் பழைய படம் அழியாது தப்பிற்று. 1944இல் ஜோர்ஜ் கியூக்கரின் நெறியாள்கையில், இங்கிறிட் பேர்க்மன் மனைவியாகவும் சாள்ஸ் போயர் கணவனாகவும் நடித்த ஹொலிவுட் படம் வெளியாயிற்று. பேர்க்மன் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றார்.

கதை எளிமையானது. இலண்டன் தோண்டன் சதுக்கத்திலே அலிஸ் அல்குவிஸ்ற் என்னும் புகழ்பெற்ற பாடகி கொலையுண்டாள். அவள் வளர்த்த மருமகள் போலா இத்தாலிக்கு அனுப்பப்பட்டு அங்கு சங்கீதம் பயில்கிறாள். அறிமுகமாகி இரண்டே வாரங்களான பியானோக் கலைஞன் கிறெகறி அன்ரனை மணக்கிறாள். மாமி விட்டுச்சென்ற வீட்டிலே சென்று வாழலாம் என்பது அவனது யோசனை. வீட்டுக்குட் புகுந்ததும் மாமியின் பொருட்கள் யாவும் மேன்மாடத்து அறையிலே பூட்டப்படுகின்றன. பின்னர் ஒவ்வொன்றாக நிகழத் தொடங்குகின்றன. அவன் கொடுத்த புறூச் அவளது கைப்பையிலிருந்து காணாமற் போகிறது. சுவரிலிருந்த படம் இடம் மாறுகிறது. எல்லாவற்றையும் செய்தவள் நீயே, செய்ததை மறந்தவளும் நீயே என்று மிகுந்த பரிவோடு அவன் எடுத்துரைக்கிறான். உன் தாயும் சித்தம் பேதலித்தே இறந்தாள் என்கிறான். விருந்தினர் வந்தால் உனக்கு உடல்நலம் இல்லை என்று திருப்பி அனுப்புகிறான். இரவிலே அவன் வெளியேறிய பின்னர் அறையிலுள்ள வாயு விளக்கு மங்குகிறது. பூட்டிய மேன்மாடத்தில் யாரோ நடமாடும் ஓசை கேட்கிறது. வேறெவரும் அதைக் கண்டதாகவோ கேட்டதாகவோ கூறவில்லை. மாமியைக் கொன்றவன் அவனே என்பதும், கொலை செய்தும் கிடைக்காத இரத்தினங்களைத் தேடி அடுத்த வீட்டின் கூரை வழியாக அவனே இரவுதோறும் மேன்மாடத்துக்கு வருகிறான் என்பதும் ஈற்றிலே துலங்குகின்றன.

இக்கதையிலே எமது கவனத்துக்குரியது கொலையாளியின் தந்திரமன்று. அவனது தந்திரங்கள் உண்மையில் மிக அற்பமானவை. ஒரு புறூச்சை ஒளித்துவைக்கவும் ஒரு படத்தைக் கழற்றவும் பெரிய மூளை வேண்டியதில்லை. அத்தகைய அற்பத் தந்திரங்கள் ஒரு மனிதப் பிறவியை நொறுக்கிவிடும் அளவுக்கு வலிமை பெற்றது எங்ஙனம் என்பதே கேள்வி. அவ்வலிமை அவன் கையிலிருந்து வந்ததன்று. அவன் பின்னே நின்ற சட்டமும் சொத்துரிமையும் வைத்தியர்களின் அத்தாட்சிப் பத்திரமும் வேலைக்காரரின் சம்பளமும் சேர்ந்து அவனுக்கு அளித்தது. இவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

ஹமில்ற்றன் தம் நாடகத்தின் காலத்தை 1880 என்று வரையறுத்தார். அந்த ஆண்டு பொருள் பொதிந்தது. ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி திருமணம் ஆனதும் பெண்ணின் சட்ட ஆளுமை கணவனின் ஆளுமையுட் கரைந்துவிடும். அவளது பணமும் நகையும் அவனுடையனவாகும். அவளது நிலத்தின் வருமானத்தை அவனே அனுபவிப்பான். தன் பெயரில் அவள் வழக்குத் தொடர இயலாது. செல்வந்தர் தம் புதல்வியரின் சொத்தைப் பாதுகாப்பதற்கு நம்பிக்கைப் பொறுப்பு ஏற்பாடுகளைச் செய்துகொள்ளலாம்; ஏனையோருக்கு அந்த வழியும் இல்லை. 1870ஆம் ஆண்டுச் சட்டம் மணமான பெண் உழைத்துப் பெறும் கூலியை அவளுக்கே உரியதாக்கிற்று. 1882ஆம் ஆண்டின் சட்டமே அவளது சொத்து முழுவதையும் அவள் கையில் ஒப்படைத்து, தன் பெயரிலே வழக்காடும் உரிமையையும் வழங்கிற்று. அது நடைமுறைக்கு வந்தது 1883 ஜனவரி முதலாந் திகதி. ஆகவே நாடகத்தின் கதாநாயகி, தன் பணத்தைக் கொண்டே கணவன் வாங்கிய வீட்டிலே, சட்டத்தின் கண்ணில் உடைமை எதுவுமற்றவளாக அமர்ந்திருக்கிறாள். தன் நகை எங்கே என்று அவள் அஞ்சி நடுங்குகையில், அந்த நகை தனக்குரியதா என்ற கேள்வியும் அதனுள் அடங்கியுள்ளது. ஹொலிவுட் படம் ஆண்டைப்பற்றி அத்துணை அக்கறை கொள்ளவில்லை. ஆயினும் வீடு போலாவுடையது, திறப்புக் கிறெகறியின் கையில் உள்ளது என்ற ஒரே காட்சியில் அச்சட்டத்தின் சாரத்தை அதுவும் அறியாமலே காட்டிவிடுகின்றது.

சட்டம் சொத்தோடு நிற்கவில்லை, உடலையும் ஆண்டது. மனைவியைத் தன் வீட்டில் அடைத்துவைக்கும் உரிமை கணவனுக்கு உண்டு என்ற கருத்து நெடுங்காலம் நிலவிற்று. 1891இலேதான் ஜக்சன் என்பாரின் வழக்கிலே மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வுரிமை இல்லை என்று தெளிவாகத் தீர்த்தது. அதனினும் கொடியது பைத்தியச் சட்டம். 1845ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பணம் செலுத்தக்கூடிய ஒருவரைத் தனியார் பைத்திய விடுதியில் அடைப்பதற்கு உறவினர் ஒருவரின் கோரிக்கையும் இரு வைத்தியர்களின் அத்தாட்சியும் போதுமானவை. நீதவான் எவரும் அந்த நபரை நேரிற் காணவேண்டியதில்லை. 1890ஆம் ஆண்டின் சட்டமே நீதவானின் கட்டளையை அவசியமாக்கிற்று. எனவே பைத்திய விடுதியைக் காட்டிக் கணவன் மிரட்டுவது நாடகாசிரியர் சேர்த்த வெறும் காரமன்று. அது அக்காலத்துக் கணவன் ஒவ்வொருவனின் சட்டைப்பையிலும் இருந்த ஆயுதம்.

அவ்வாயுதம் உண்மையிற் பிரயோகிக்கப்பட்டதற்கு வரலாறு சான்று பகரும். 1858ஆம் ஆண்டிலே நாவலாசிரியர் எட்வேர்ட் புல்வர் லிற்றன் தம்மை விட்டுப் பிரிந்து வாழ்ந்த மனைவி றொசீனாவைப் பைத்திய விடுதியில் அடைத்தார். அவள் செய்த குற்றம், தேர்தற் கூட்டத்துக்கு வந்து பலர் முன்னிலையில் கணவனின் கொடுமையை எடுத்துரைத்தது. பத்திரிகைகளிலே எழுந்த கண்டனத்தின் காரணமாக மூன்று வாரங்களில் அவள் விடுவிக்கப்பட்டாள். அப்போது புல்வர் லிற்றன் வகித்த பதவி யாதென அறிந்தால் வாசகர்கள் வியப்புறுவர். அவரே குடியேற்ற நாடுகளுக்குப் பொறுப்பான இராசாங்கச் செயலாளர். இலங்கை உள்ளிட்ட பல தேசங்களின் மக்களுக்கு நாகரிகம் புகட்டுவதாகக் கூறிய பேரரசின் அமைச்சர், தம் மனைவியின் வாயை அடைக்கக் கண்ட வழி அது.

இரண்டாவது சான்று இன்னும் நெருக்கமானது. ஜோர்ஜினா வெல்டன் என்பவர் போலாவைப் போலவே சங்கீதம் அறிந்தவர், பாடகி. டிக்கின்ஸ் முன்னர் வாழ்ந்திருந்த ரவிஸ்ரொக் இல்லத்திலே, கணவர் பிரிந்து சென்ற பின்னர், அநாதைச் சிறுவர்களைச் சேர்த்துச் சங்கீதம் கற்பித்து வந்தார். ஆவிகளோடு பேசலாம் என்ற நம்பிக்கையும் அவருக்கு இருந்தது. அவரது பராமரிப்புக்கான வருடாந்தப் பணமும் வீட்டுச் செலவும் கணவருக்குப் பாரமாயின. 1878 ஏப்ரிலிலே வைத்தியர்கள் பொய்ப்பெயருடன் அவர் வீட்டுக்கு வந்து, அநாதைகள்பாற் கரிசனையுடையோர் போற் பேசிச் சென்றனர். அடுத்து வந்தது அவரைப் பைத்திய விடுதிக்கு ஏற்றிச் செல்லும் வண்டி. அவர் தப்பியோடி, அந்த ஆணை காலாவதியாகும்வரை மறைந்திருந்தார். தப்புதற்கு உதவியவர் லூயிசா லோ. அவரும் ஒருகாலத்திற் கணவனாற் பைத்திய விடுதியில் அடைக்கப்பட்டு மீண்டவர். 1873இலே பைத்தியச் சட்டச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவியவர். அந்த வண்டி எதற்காக வருகிறது என்பதை அறிந்திருந்த ஒரு பெண், மற்றொரு பெண்ணை நம்பினாள். அந்த நம்பிக்கையே வெல்டனைக் காத்தது.

கதை அங்கு முடியவில்லை. கணவனின் பெயரின்றி வழக்காட முடியாத நிலையில் வெல்டன் அன்று செய்யக்கூடியது சிறிதே. 1883 ஜனவரியிற் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்ததும், வைத்தியர்கள்மீதும் கணவர்மீதும் ஏனையோர்மீதும் வழக்குமேல் வழக்காகத் தொடுத்தார். சட்டத்தரணியின் துணையின்றி நீதிமன்றத்திலே தாமே எழுந்து வாதாடினார். ஒரு சட்டத்தின் ஒரு பிரிவு ஒரு மனிதருக்கு நாவை அளித்தது எவ்வாறு என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் காண்பது அரிது. வெள்ளித்திரையிற் போலாவை மீட்க வீரத் துப்பறிவாளன் ஒருவன் தேவைப்பட்டான். வரலாற்றிலே வெல்டனை மீட்டவை இன்னொரு பெண்ணின் நம்பிக்கையும், பல பெண்கள் பல ஆண்டுகள் பாராளுமன்றத்தின் கதவைத் தட்டிப் பெற்ற ஒரு சட்டமுமாகும்.

இனி வீட்டின் சமையலறைக்குச் செல்வோம். 1881ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் வீட்டு வேலை செய்த பெண்கள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர். கதையிலே இருவர் வருகின்றனர்: காது மந்தமான முதிய சமையற்காரி எலிசபெத், துடுக்குத்தனம் மிக்க இளம் பணிப்பெண் நான்சி. நாடகத்தின் தொடக்கத்திலேயே அடுப்புக்கு நிலக்கரி போடுதற்கு வேலைக்காரியை மணியடித்து அழைக்கும்படி கணவன் மனைவியை வற்புறுத்துகிறான். அவளோ தானே போட்டுவிட விரும்புகிறாள். இந்தச் சிறு சம்பவத்தில் ஹமில்ற்றனின் வர்க்கப் பார்வை மின்னுகின்றது. எஜமானியாக இருக்கத் தெரியாதவள் என்று மனைவியைப் பணிப்பெண் முன்னிலையிலும், பணிப்பெண்ணைக் கூலிக்காரி என்று மனைவி முன்னிலையிலும் அவன் சிறுமைப்படுத்துகிறான். ஒரே கூரையின் கீழ் ஒரே ஆணின் ஆணைக்கு உட்பட்ட மூன்று பெண்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருப்பின் அவனது சூழ்ச்சி ஒரு வாரங்கூட நின்றிராது. ஆயின் அவர்கள் பேசமாட்டார்கள். நான்சியின் வேலை கணவனின் தயவிலே தங்கியுள்ளது. எஜமானியின் வீழ்ச்சி தனக்கு உயர்வு என்றுகூட அவள் எண்ணுகிறாள். வர்க்கப் பிரிவினை சமையலறைப் படிக்கட்டிலே காவல் நிற்கையில் வீட்டுக்காரன் வேறு காவல் வைக்கவேண்டியதில்லை. நான்சியாக நடித்த அஞ்சலா லான்ஸ்பரி அப்போது பதினெட்டு வயதை எட்டும் நிலையில் இருந்தவர்; பல்பொருள் அங்காடியொன்றில் வேலை செய்துகொண்டிருந்து முதன்முதலாகத் திரைக்கு வந்தவர். அவரது கண்களிலே தெரிந்த அந்த ஏளனத்தின் உண்மையை எவரும் மறுக்க இயலாது.

ஈற்றாக அந்த விளக்கு. ஒரு குழாய்த் தொடரில் வரும் வாயுவின் அமுக்கம் அளவுக்குட்பட்டது. ஒரு வீட்டின் ஓர் அறையிலே புதிதாக ஒரு விளக்கை ஏற்றினால் ஏனைய அறைகளின் சுவாலை தாழும். அதை அணைத்தால் அவை மீண்டும் ஓங்கும். கணவன் மேன்மாடத்திலே வெளிச்சம் ஏற்றும் ஒவ்வொரு முறையும் கீழேயுள்ள விளக்கு அவனைக் காட்டிக்கொடுக்கிறது. அவன் எல்லாவற்றையும் திட்டமிட்டான். பௌதிக விதியை மட்டும் தன் வசப்படுத்த அவனால் முடியவில்லை. பொருளுலகம் பொய் சொல்வதில்லை என்ற உண்மையை இத்துணை எளிமையாக மேடையில் நிறுவிய நாடகாசிரியர் பொருள்முதல்வாதம் கற்றவர் என்பதில் வியப்பில்லை.

அந்தச் சுவாலையின் மறுமுனை எங்கே இருந்தது? தேம்ஸ் நதியின் வடகரையிலே 1870இல் திறக்கப்பட்ட பெக்ற்றன் வாயு ஆலையில், கொதிக்கும் உலைகளுக்கு முன்னே பன்னிரண்டு மணி நேரம் நிலக்கரி வாரிப்போட்ட தொழிலாளரின் கைகளில். 1889ஆம் ஆண்டிலே அத்தொழிலாளர் வில் தோர்ன் என்பவரின் தலைமையில் ஒரு சங்கம் அமைத்து, வேலைநிறுத்தம் செய்யாமலே எட்டு மணி நேர வேலைநாளை வென்றெடுத்தனர். எழுத வாசிக்கச் சிரமப்பட்ட தோர்னுக்குக் கல்வி புகட்டியும், சங்கத்தின் கணக்குகளிலும் நிர்வாகத்திலும் தோள்கொடுத்தும் உழைத்தவர் ஒரு பெண். கார்ல் மாக்சின் இளைய மகள் எலினோர் அவர். சில்வர்ரவுண் பகுதியிலே அச்சங்கத்தின் முதலாவது பெண்கள் கிளையை அமைத்தவரும் அவரே.

எலினோரின் பெயரைக் கூறிய பின்னர் மேலே செல்லாதிருத்தல் நேர்மையாகாது. 1884 முதல் அவர் எட்வேர்ட் ஏவ்லிங் என்ற சோசலிசப் பேச்சாளரோடு கணவன் மனைவியாக வாழ்ந்தார். ஏவ்லிங்குக்குச் சட்டப்படியான மனைவி ஒருவர் இருந்தமையால் மணம்புரிய இயலவில்லை என்பது காரணம். இருவரும் சேர்ந்து 1886இலே பெண்கள் பிரச்சினை குறித்து ஒரு கட்டுரை எழுதினர். அதே ஆண்டு அவர்களது வீட்டிலே இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகம் நண்பர்கள் மத்தியில் வாசிக்கப்பட்டபோது எலினோர் நோராவின் பகுதியையும் ஏவ்லிங் கணவன் ஹெல்மரின் பகுதியையும் வாசித்தனர். ஏவ்லிங் நண்பர்களை ஏமாற்றிக் கடன் வாங்குபவர், பெண்களிடம் நேர்மையற்றவர் என்பது இயக்கத்திற் பலர் அறிந்த செய்தி. தென்னாபிரிக்க எழுத்தாளர் ஒலிவ் ஷ்றைனர் அவரைக் கண்டதுமே அஞ்சினார். ஏங்கெல்சோ ஈறுவரை ஏவ்லிங்கை ஆதரித்தே நின்றார். ஏங்கெல்ஸ் விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டு எலினோர் ஒரு வீடு வாங்கினார். முதல் மனைவி 1892இலேயே இறந்துவிட்டிருந்தும் எலினோரை மணக்காத ஏவ்லிங், 1897இலே வேறொரு பெயரில் ஓர் இளம் நடிகையை இரகசியமாக மணந்தார். 1898 மார்ச் 31ஆந் திகதி எலினோர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவரது உடைமை ஏவ்லிங்கைச் சேர்ந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று.

இந்த வரலாறு இடதுசாரிகளாகிய எமக்குக் கசப்பானது. ஆயினும் அதனை நாம் விழுங்கியே ஆகவேண்டும். 1882ஆம் ஆண்டின் சட்டம் எலினோருக்கு முழுமையாக உதவியிருக்க வேண்டும்: வீடு அவர் பெயரில், பணம் அவர் கையில், கல்வியும் புகழும் தோழர்களும் அவரைச் சூழ. எவரும் அவரைப் பூட்டிவைக்கவில்லை. ஆயினும் அவரது தனிமை குறித்த கடிதங்கள் பிறெடி டெமுத் என்னும் ஒரு தொழிலாளிக்கே, அவரது வேறு தாய் வயிற்றுச் சகோதரராகக் கருதப்படுபவருக்கே, சென்றன. ஏனைய தோழர்கள் கண்டும் காணாதிருந்தனர். இயக்கத்தின் நற்பெயர் கெடக்கூடாது, இது வீட்டு விடயம், அவர் திறமையான பேச்சாளர் என்ற நியாயங்கள் அன்றும் இருந்தன. வாயுத் தொழிலாளரின் எட்டு மணி நேரத்துக்காகக் கூடிய கூட்டம், அவர்களுக்கு எழுத்தறிவித்தவரின் வீட்டு விளக்கு மங்குவதைக் காணவில்லை. சொத்துறவுகளை மாற்றினாற் குடும்பமும் தானாகவே மாறிவிடும் என்று நம்புவோர் எலினோரின் வாழ்வை மீண்டுமொருமுறை படித்தல் நன்று. சட்டம் அவசியம், பொருளாதாரச் சுதந்திரம் அவசியம். அவற்றோடு, பக்கத்தில் இருப்போர் கண்டதைக் கண்டேன் என்று கூறும் துணிவும் அவசியம்.

இவ்வளவையும் மனத்திற் கொண்டு மீண்டும் ஹொலிவுட் படத்தை நோக்கினால் அது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது என்பது விளங்கும். நாடகத்திலே கணவன் ஓர் ஆங்கிலக் கனவான். ஹொலிவுட்டில் அவன் ஐரோப்பாவிலிருந்து வந்த, பிறாக் நகரத்திலே வேறொரு மனைவியை உடைய அந்நியன். அவனை முறியடிப்பவனோ மேட்டுக்குடியினரோடு பழகும் ஸ்கொட்லன்ட் யார்ட் அதிகாரி. உள்நாட்டு ஒழுங்கின் குற்றம் ஓர் அந்நியனின் தலையிலே சுமத்தப்பட்டுவிட்டது. அவனைக் கைதுசெய்ததும் ஒழுங்கு சுத்தமாகிவிடுகிறது. அதே 1944இல் வெளிவந்த ‘டபிள் இன்டெம்னிற்றி’ படத்திலே காப்புறுதிப் பணத்துக்காகக் கணவனைக் கொல்விக்கும் மனைவி வருகிறாள். ஒஸ்கார் விருதுக்கு அந்த மனைவியாக நடித்த பார்பரா ஸ்ரான்விக்கும் இந்த மனைவியாக நடித்த பேர்க்மனும் போட்டியிட்டனர். துன்புறும் மனைவிக்கே விருது கிடைத்தது. 1946இலே பிரெஞ்சு விமர்சகர் நீனோ பிறாங்க் இத்தகைய அமெரிக்கப் படங்களைக் ‘கறுப்புப் படம்’ என்ற தொடராற் குறித்தார். போர்க்காலத்தில் அவசர அவசரமாக நடந்த திருமணங்களும், ஆலைக்குச் சென்று சொந்தச் சம்பளம் கண்ட பெண்களும், அவர்களை மீண்டும் வீட்டுக்குள் அனுப்ப விரும்பிய சமுதாயமும் அந்தக் கறுப்புக்குப் பின்னணி. திரையில் மனைவியர் கணவரைக் கண்டு அஞ்சியதும், கணவர் மனைவியரைக் கண்டு அஞ்சியதும் ஒரே அச்சத்தின் இரு முகங்கள்.

அந்தத் தொழிற்சாலை தன் விருதுக்கு எத்துணை மதிப்பளித்தது என்பதை 1950 காட்டிற்று. பேர்க்மன் தம் கணவரைப் பிரிந்து இத்தாலிய இயக்குநர் றொசெலினியோடு வாழத் தொடங்கியபோது, அமெரிக்க செனற் சபையிலே எட்வின் ஜோன்சன் என்ற உறுப்பினர் எழுந்து அவரை இழித்துரைத்தார். பல ஆண்டுகள் அவர் ஹொலிவுட்டில் நடிக்கவில்லை. மணவாழ்வை விட்டு வெளியேற முடியாத பெண்ணாக நடித்தமைக்குப் பொற்சிலை. உண்மையிலே வெளியேறியமைக்குத் தண்டனை!

இத்தனை குறைகளிருந்தும் படத்திலே ஒரு காட்சி என்றும் வாழும். துப்பறிவாளன் போலாவின் அறையில் இருக்கும்போது விளக்கு மங்குகிறது. அவன் அதைக் காண்கிறான், கண்டதாகச் சொல்கிறான். தன்னைத் தவிர இன்னொருவரும் அதைக் கண்டார் என்று அறிந்த கணத்திலே பேர்க்மனின் முகத்திற் படரும் உணர்ச்சி மகிழ்ச்சி மாத்திரமன்று. நீண்டகாலம் நாடுகடத்தப்பட்டிருந்த ஒருத்தி தன் சொந்த மண்ணிற் கால்வைப்பது போன்றது அது. படத்தின் திருப்புமுனை கைது நடக்கும் இடமன்று, இதுவே. கொடுமைக்குள்ளானவருக்கு முதலில் வேண்டியது மீட்பரல்லர், இரண்டாவது சாட்சி. ஈற்றிலே கட்டுண்ட கணவன் தன்னை அவிழ்த்துவிடும்படி இறைஞ்சுகையில், தான் பைத்தியம் ஆதலால் உதவ இயலாதென்று அவனது சொல்லையே அவனிடம் அவள் திருப்பிக் கொடுக்கிறாள். தன் சொல்லுக்கு எடை உண்டு என்று அறிந்த பின்னரே அவளுக்கு அந்த நா வாய்த்தது.

அப்படத்தின் பெயர் பின்னர் வைத்தியத்துறைக்கும் சட்டத்துறைக்கும் சென்றது. மனநோய் இல்லாதவரை நோயாளியாக்கி விடுதிக்கு அனுப்ப உறவினர் முயன்ற சம்பவங்களை 1969இலே ‘லான்செற்’ என்னும் வைத்திய இதழில் வெளிவந்த கட்டுரையொன்று இப்பெயராலேயே குறித்தது. கையை ஓங்காமலே மனைவியை அடிமைப்படுத்தும் தொடர்ச்சியான அடக்குமுறை இங்கிலாந்திலும் வேல்சிலும் 2015ஆம் ஆண்டின் சட்டத்தினாலேயே குற்றமாக்கப்பட்டது. நாடகம் மேடையேறி எழுபத்தேழு ஆண்டுகளின் பின்னர். 2022இலே அமெரிக்க அகராதியொன்று இதனை அவ்வாண்டின் சொல்லாகத் தேர்ந்தது. இன்று எவரேனும் கருத்து மாறுபட்டாற்கூட இச்சொல் வீசப்படுகின்றது. சொல் மலிந்தால் அதன் கூர் மழுங்கும். பொய் சொல்பவர் எல்லோரும் இக்கதையின் கணவராகார். பொய்யின் பின்னே வீட்டின் திறப்பும் சட்டத்தின் கையும் நிற்பதே இதன் இலக்கணம்.

இவ்விலக்கணம் எமது நாட்டுக்குப் புதிதன்று. 1882ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் தந்ததை ஒத்த சொத்துரிமையை இலங்கையில் 1923ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் மணமான பெண்களுக்கு வழங்கிற்று. ஆயின் தேசவழமைக்கு உட்பட்ட பெண்கள் அதற்குப் புறம்பாக விடப்பட்டனர். அவர்களுக்கான 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணக் கட்டளைச் சட்டம், காணி பெண்ணுக்கே உரியதென்று ஏற்றுக்கொண்டு, கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அதனை அவள் விற்க இயலாதென விதித்தது. சீதனக் காணியின் உறுதி அவள் பெயரில்; கையொப்பத்தின் அதிகாரமோ அவன் கையில். தோண்டன் சதுக்கத்து வீட்டையும் திறப்பையும் இங்கு நாம் நினைவுகூராதிருக்க இயலுமா? 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல் வன்முறையோடு உணர்வுசார் கொடுமையையும் சேர்த்துக்கொண்டது ஒரு முன்னேற்றமே. ஆயினும் முறையிட வரும் பெண்ணைப் பார்த்து, குடும்பமென்றால் இப்படித்தான், பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பொறுத்துக்கொள் என்று கூறும் சுற்றம் இருக்கும்வரை சட்டம் காகிதத்திலேயே உறங்கும்.

ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நாம் இக்கதையிலிருந்து பெறவேண்டிய பாடம் இதுவே. சுரண்டல் ஆலையிலும் தோட்டத்திலும் மட்டுமே நிகழ்வதன்று. வீட்டு வரவேற்பறையிலே அன்பின் குரலிலும் அது பேசும். அதனை எதிர்ப்பதற்குச் சட்டங்களுக்காகப் போராட வேண்டும். சொத்துரிமைக்காகவும் வேலைக்காகவும் போராட வேண்டும். அதே வேளை எமது சங்கத்திலும் பாடசாலையிலும் அயலிலும் ஒரு பெண் விளக்கு மங்குகிறது என்று கூறும்போது, அது உன் பிரமை என்று சொல்லாதிருக்கும் பொறுப்பும் எமக்குண்டு. லூயிசா லோ அன்று ஆற்றியது அக்கடமை. எலினோரின் தோழர்கள் தவறவிட்டதும் அதுவே. குற்றவாளி எமது அணியைச் சேர்ந்தவராயினும், அப்போதுதான் இன்னும் உறுதியாக, கண்டேன் என்று கூற நாம் முன்வருதல் வேண்டும்.